கூட யாரு வந்திருக்கீங்க?

அரசு மருத்துவமனை வார்டில் ஒரு நாளைக்கு அதிகம் காதில் விழுகிற கேள்வி இதுதான். நர்ஸ் கேட்பார், ஸ்கேன் அறையில் கேட்பார்கள், ரத்த வங்கியில் கேட்பார்கள், ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவரும் கேட்பார். கேட்ட நேரத்தில் ஆள் இல்லையென்றால் அந்த வேலை அப்படியே நின்றுவிடும். டாக்டரையும் நர்ஸையும் நம்பி ஓடுகிற அளவுக்கு, நோயாளியோடு ஊரிலிருந்து கிளம்பி வந்த அந்த ஒருவரையும் நம்பித்தான் நம் பெரியாஸ்பத்திரிகள் ஓடுகின்றன. அவர் எங்கே படுக்கிறார், என்ன சாப்பிடுகிறார், எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. உள்ளூர்க்காரருக்கு இது அலைச்சல், அவ்வளவுதான். நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்தவருக்கோ, வைத்தியத்தைத் தொடர்வதா பாதியில் விடுவதா என்பதே இதில்தான் தொங்குகிறது.

மருத்துவ வசதியில் தமிழ்நாடு முன்னால் நிற்கிற மாநிலம் என்பதால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. 2009இல் தொடங்கி 2012இல் பெயர் மாறிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ராமநாதபுரம், விருதுநகர், அரியலூர், கள்ளக்குறிச்சி, கிருஷ்ணகிரி, நீலகிரி என்று அதுவரை பக்கத்து ஊரை எதிர்பார்த்துக் கிடந்த மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. தூரம் குறைந்திருப்பது உண்மை. ஆனால் மூளைக் கட்டி, சிக்கலான இதய அறுவை சிகிச்சை, புற்றுநோய்க் கதிர்வீச்சு, மாற்றுச் சிறுநீரகம் என்று வந்துவிட்டால் இன்னமும் பெரும்பாலும் மதுரை, சென்னை, கோவை, வேலூர் மாதிரி பெரிய ஊர்கள்தான். வால்பாறை எஸ்டேட்டில் இருப்பவர் பொள்ளாச்சி போய்ச் சேரவே 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். கோவை அதற்கும் அப்பால்.

பெண்களுக்கு 2021இலிருந்து பஸ்ஸில் காசில்லையே என்று கேட்கலாம். அது டவுன் பஸ்ஸுக்கு. ஊரிலிருந்து தாலுகா தலைநகர் வரை கொண்டு வந்து விடும். அங்கிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ ஏறுகிற பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017-18இல் நடந்தது. கிராமத்தவர் ஒருவர் அரசு மருத்துவமனையில் ஒருமுறை தங்கி வைத்தியம் பார்த்தால், பிரசவம் நீங்கலாக, மருத்துவச் செலவு சராசரியாக 4,290 ரூபாய். தனியாரில் 27,347 ரூபாய் என்றது அந்த ஆய்வு. இது இந்தியா முழுமைக்கான சராசரி. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இதைவிடக் குறைவாகத்தான் ஆகும். அதே ஆய்வின் வினாப்பட்டியலில் போக்குவரத்துக்கும், கூட வந்தவரின் சாப்பாடு, தங்குமிடம் போன்ற செலவுகளுக்கும் தனித்தனி வரிசை உண்டு. ஆனால் அறிக்கை வந்ததும் பேப்பரில் அடிபடுவது மருத்துவச் செலவு மட்டுமே.

இழந்த கூலி அந்தச் செலவு வரிசைகளில் வராது. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் வைத்த கூலி நாளுக்கு 336 ரூபாய். கிராமத்து உழைப்பின் ஒரு நாளுக்கு அரசே போட்ட அடிமட்ட விலை என்று இதை வைத்துக்கொண்டால், நோயாளியும் துணைக்கு வந்தவரும் பத்து நாள் வார்டில் கிடந்தால் 6,720 ரூபாய் போச்சு. கையிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு இல்லை என்பதால் இதற்கு பில் கிடையாது, முதலமைச்சர் காப்பீட்டிலும் கேட்க முடியாது. ஊரில் மாடு கறக்க ஆள் வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், நாற்று விட்டிருந்தால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். இதையெல்லாம் அக்கம்பக்கத்தார் ஒரு வாரம் முகம் சுளிக்காமல் செய்வார்கள். மூன்றாவது வாரம் ஆட்டை விற்கிற பேச்சு வந்துவிடும்.

துணைக்கு இருப்பவரின் ஒரு நாள்

விடிவதற்கு முன்பே வராண்டாவைக் கழுவ ஆள் வந்துவிடுவார். பாயைச் சுருட்டியாக வேண்டும். கழிப்பறையில் வரிசை. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போய் டீயும் வெந்நீரும் வாங்கி வர வேண்டும். திரும்பும்போது வாசலில் பாஸ் கேட்பார்கள். ரவுண்ட்ஸ் நேரத்தில் அட்டெண்டர்கள், அதாவது துணைக்கு வந்தவர்கள், எல்லோரும் வெளியே. இதில்தான் பெரிய கோளாறு இருக்கிறது. நாளுக்கு ஒருமுறை பெரிய டாக்டர் வந்து நிற்கிற அந்தச் சில நிமிஷங்களில் முடிவெடுக்கப் போகிற ஆள் வார்டில் இல்லை. மயக்கத்திலோ வலியிலோ கிடக்கிற நோயாளியிடம் "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டால், "ஏதோ பாத்தாங்க, எழுதினாங்க, போயிட்டாங்க" என்பதுதான் பதில்.

அப்புறம் சீட்டுகள். ஒரு சீட்டு லேபுக்கு, ஒரு சீட்டு எக்ஸ்ரேவுக்கு, ஒன்று மருந்து வாங்க. லேப் ஒரு கட்டடம், ஸ்கேன் இன்னொரு கட்டடம், காப்பீட்டு அலுவலகம் மூன்றாவது கட்டடத்தின் மாடியில். பழைய ஸ்கேன் ஃபிலிம்கள், ரேஷன் கார்டு, ஆதார் நகல், ஓ.பி. சீட்டு எல்லாம் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் தோளிலேயே தொங்கும். வைத்துவிட்டுப் போக இடமில்லை, வைத்தால் இருக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. நடுவில் ஒரு நாள் "ரெண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் ஏற்பாடு பண்ணுங்க" என்பார்கள். உள்ளூர்க்காரர் போனைப் போட்டால் மச்சானும் பங்காளியும் வந்து நிற்பார்கள். அறுபது வயது அம்மாவை வைத்துக்கொண்டு தனியாக வந்திருக்கிற பெண் யாரைக் கூப்பிடுவாள்?

போன் சார்ஜ் போட வார்டில் இருக்கும் ஒற்றை பிளக் பாயிண்டுக்கு நடக்கிற சண்டை தனிக்கதை. சிரிப்பாகத் தெரியும். ஆனால் ஊரோடு இருக்கிற ஒரே தொடர்பு அந்த போன்தான், அதில்தான் பணம் வருகிறது, ஓ.டி.பி. வருகிறது. ராத்திரி ஆண்கள் மரத்தடியிலோ கார் ஷெட்டிலோ படுத்துக்கொள்வார்கள். பெண்கள் கட்டிலோரத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள், அல்லது கட்டிலுக்குக் கீழே. பல நாள் குளிக்காமல் இருந்து, தனக்கே காய்ச்சல் வந்து, அதே ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி நிற்கிற அட்டெண்டர்களை எந்தப் பெரியாஸ்பத்திரியிலும் பார்க்கலாம்.

"நாங்க ஊருக்கே கொண்டு போறோம், எழுதிக் கொடுங்க" என்று ஒரு குடும்பம் கேட்கும்போது, கேஸ் ஷீட்டில் மருத்துவ ஆலோசனையை மீறிச் சென்றார் என்று பதிவாகும். அறியாமை என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுகிறோம். பாதிக்கு மேல் அது களைப்பு என்றே நினைக்கிறேன்.

கட்டில் தேவையில்லாத நோயாளி

வார்டில் கட்டில் கிடைத்தவர் ஒரு வகையில் கொடுத்துவைத்தவர். மூன்று வேளை சாப்பாடு வரும், தலைக்கு மேல் கூரை இருக்கும். கதிர்வீச்சு சிகிச்சைக்கு வருகிறவரின் நிலைமை வேறு. வாய்ப்புற்றுநோய்க்கோ கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கோ வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்திலிருந்து ஏழு வாரம் வரை கதிர்வீச்சு கொடுப்பது வழக்கம். ஒரு தடவைக்கு இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது சில நிமிஷங்கள்தான். மருத்துவக் கணக்குப்படி அவர் புறநோயாளி. பல இடங்களில் கட்டில் கிடையாது. ஆனால் தினமும் ஊருக்குப் போய் வர முடியாது. ஆக, சில நிமிஷ வைத்தியத்துக்காக ஒரு மனிதரும் அவர் துணையும் ஒன்றரை மாதம் நகரத்தில் எங்காவது தங்கியாக வேண்டும். இங்கே மருந்தைவிட அறை வாடகைதான் வைத்தியத்தை முறிக்கிறது. வாய் புண்ணாகி, விழுங்க முடியாமல், கஞ்சி மட்டும் குடிக்கக்கூடிய ஆளுக்கு ஹோட்டல் சாப்பாடு ஆகாது, அடுப்பு வேண்டும்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்னும் நீளம். மொத்த வைத்தியம் இரண்டு ஆண்டுக்கு மேல் இழுக்கும், முதல் சில மாதங்கள் ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். மும்பையில் டாடா மருத்துவமனைக்கு வெளியே நடைபாதையில் குடும்பங்கள் மாதக்கணக்கில் கிடந்ததைப் பார்த்துத்தான் செயின்ட் ஜூட் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் 2006இல் அங்கே தங்குமிடம் தொடங்கியது. இப்போது சென்னை, வேலூர் உட்படப் பல ஊர்களில் நடத்துகிறார்கள். குழந்தைக்கும் பெற்றோருக்கும் இலவசமாக ஓர் இடம், ரேஷன் பொருள், பொதுச் சமையலறையில் அவரவர் அடுப்பு, ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டி. சமைத்த சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுக்காமல் அரிசி பருப்பைக் கொடுத்து அடுப்பையும் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அம்மா கையால் ஒரு ரசம் வைக்க முடிகிறது. தொற்று பயமும் குறைகிறது.

வேலூரில் இந்தத் தேவையை ஊரே வியாபாரமாக்கிக்கொண்டது. சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எதிரிலும் காந்தி ரோடு, பாபுராவ் தெரு பக்கமும் வரிசையாக லாட்ஜுகள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று வந்து மாதக்கணக்கில் தங்குபவர்களுக்காக அறைக்குள்ளேயே சமைக்க விடுகிறார்கள். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. காட்பாடியில் ஹவுரா ரயில் வந்து நின்றால் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் கையில் ஃபைல் என்று எண்ணிப் பார்க்கலாம். காசு இருந்தால் இது நல்ல ஏற்பாடுதான். குடியாத்தம் பக்கத்துக் கூலிக்காரரும் அதே வாடகைக்குத்தான் அறை எடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அரவிந்த் கண்டுகொண்டது

இந்த விஷயத்தை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சரியாகப் பிடித்த இடம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களோடு தொடங்கியது. கண்புரை அறுவை சிகிச்சையை இலவசமாகவே செய்தாலும் கிராமத்தில் பார்வை போன பலர் வரவில்லை. ஏன் என்று ஆராய்ந்தார்கள். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் எட்டு விதமான அணுகுமுறைகளைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1991இல் வெளியானது. ஆபரேஷன் மட்டும் இலவசம் என்ற இடங்களைவிட, சாப்பாடு போக்குவரத்து உட்பட முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட இடங்களில் கூடுதலாக ஆட்கள் வந்தார்கள். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர் வீடு வீடாகப் போய்ப் பேசிய ஊர்களிலும் அப்படியே.

அரவிந்த் முகாம்களின் ஒழுங்கைப் பார்த்தால் இந்தப் பாடம் அப்படியே தெரியும். ஊரில் பரிசோதனை, அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வருவது, சாப்பாடு, படுக்கப் பாய், ஆபரேஷன், திரும்ப ஊரில் கொண்டு போய் விடுவது, பிறகு மறுபரிசோதனையும் ஊர்ப்பக்கமே. ஒரே ஊரிலிருந்து இருபது முப்பது பேராக வருவதால் தனித்தனியாக அட்டெண்டர் தேவைப்படுவதில்லை. ஒரு கிழவிக்குக் கட்டுப் போட்டிருந்தால் பக்கத்துப் பாயில் இருக்கிற ஊர்க்காரி கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போவாள். கூலிவேலை செய்கிற மகன் வேலையை விட வேண்டியதில்லை. அம்மாவும் மகனிடம் கெஞ்ச வேண்டியதில்லை. கண்புரை இரண்டு மூன்று நாளில் முடிகிற காரியம், மூளை ஆபரேஷனுக்கு இது ஒத்துவராது. இருந்தாலும் ஒரே தாலுகாவிலிருந்து டயாலிசிஸுக்கோ கீமோவுக்கோ வருகிறவர்களை ஒரே நாளில் ஒரே வண்டியில் வரவைக்கத் தடை என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

அரசுக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாயையும் சேயையும் வீட்டில் கொண்டு போய் விடுவது அரசின் பொறுப்பு. தமிழ்நாட்டில் அதற்கு 102 ஊர்தி ஓடுகிறது. இறந்துபோனவரை ஊருக்குக் கொண்டு போக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. ஆக, பிறப்புக்கும் இறப்புக்கும் திரும்பும் வண்டி உண்டு. வயிற்றில் தையலோடு பிழைத்துக்கொண்டவர்தான் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோர சீட்டுக்கு அலைகிறார்.

நாட்டளவில் 2008இல் தொடங்கிய ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா என்ற ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரியில் சேரும்போதும் போக்குவரத்துக்கென்று 100 ரூபாய், ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை கையில் கொடுக்க விதி இருந்தது. சின்னத் தொகைதான். அதன் இடத்துக்கு 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் தொகையை 5 லட்சம் ஆக்கியது. அந்த 100 ரூபாய் காணாமல் போனது. ஆஸ்திரேலியாவில் தொலைதூர ஊர்க்காரர் சிறப்பு மருத்துவரைப் பார்க்க நகரத்துக்கு வந்தால் பயணத்துக்கும் தங்குவதற்கும் ஒவ்வொரு மாநில அரசும் உதவித்தொகை கொடுக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பழைய 100 ரூபாயை இன்றைய விலைக்கு ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தாலே பெரிய உதவி.

இருப்பதைப் பயன்படுத்த வேண்டுமே

இருக்கிற சில உதவிகள் போய்ச் சேராமலே கிடக்கின்றன. ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். இதய அறுவை சிகிச்சைக்கும் சிறுநீரக மாற்று, டயாலிசிஸ் ஆகியவற்றுக்கும் போகிறவர்களுக்கும் சலுகை உண்டு. ரயில்வே வகுத்த படிவத்தில் மருத்துவமனை சான்று கொடுக்க வேண்டும். டிக்கெட்டை ஸ்டேஷன் கவுண்ட்டரில் எடுக்க வேண்டும். இதை வார்டில் யாராவது வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். அரசு மருத்துவமனை வளாகங்களில் அம்மா உணவகம் இருக்கும் இடங்களில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். சென்னையில் சில அரசு மருத்துவமனைகளில் அட்டெண்டர்களுக்கென்றே மாநகராட்சி காப்பகங்கள் இருக்கின்றன. முதல் ராத்திரி வந்து இறங்குகிறவருக்கு அது எந்தக் கேட்டுக்குள் இருக்கிறது என்று யார் சொல்வது?

காப்பீட்டு அட்டை விஷயத்தில் ஊரிலேயே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கும் குடும்பம், வி.ஏ.ஓ.விடமும் தாலுகா அலுவலகத்திலும் வருமானச் சான்று வாங்கி, மாவட்ட ஆட்சியர் அலுவலக மையத்தில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாதவர்கள், அப்பாவை மதுரையில் ஐ.சி.யூ.வில் விட்டுவிட்டு, கையெழுத்து வாங்க ஊருக்கு ஓடுகிறார்கள். அன்றைக்கு வி.ஏ.ஓ. கூட்டத்துக்குப் போயிருப்பார். ஊராட்சியோ மகளிர் குழுவோ வருஷத்துக்கு ஒரு தடவை அட்டை இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்தால் இந்த ஓட்டம் மிச்சம்.

உறவுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்துவிட்டால் வேன் பிடித்துப் பத்துப் பேர் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவது நம் ஊர்ப் பழக்கம். போகாவிட்டால் குறையாகிவிடும், பின்னால் கல்யாணத்தில் முகம் கொடுக்க முடியாது. அந்த வேன் வாடகையில் ஒரே ஒருவர் பஸ்ஸில் போய், இரண்டு நாள் அங்கே இருந்து, அதுவரை கண் மூடாமல் கிடந்த அண்ணியை ஊருக்கு அனுப்பிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னால் எவ்வளவோ நல்லது. முறை வைத்துப் போகிற குடும்பங்கள் நீண்ட வைத்தியத்தையும் தாங்குகின்றன. பிறந்தநாளுக்கு ஆஸ்பத்திரி வாசலில் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிறவர்களின் மனசு நல்ல மனசுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கு நான்கு பொட்டலம், செவ்வாய்க்கிழமை ஒன்றுமில்லை. அந்தக் காசில் பெண்களுக்குப் பூட்டுப் போடக்கூடிய ஒரு குளியலறையும், பை வைக்க ஒரு அலமாரியும், நான்கு சார்ஜிங் பாயிண்டும் போட்டுக் கொடுத்தால் வருஷம் முழுக்க நிற்கும்.

கடைசியாக டிஸ்சார்ஜ். "அடுத்த புதன்கிழமை ரிவ்யூ" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் அந்த யூனிட்டின் ஓ.பி. நாள் புதன். தையல் பிரிப்பதற்கும் ரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு இன்னொரு பயணம், இன்னொரு நாள் கூலி. தையலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரிக்கலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். வீட்டில் செய்துகொள்கிற டயாலிசிஸ் பையும் அதில் உண்டு. சில மாவட்ட மருத்துவமனைகளில் கீமோவும் போடுகிறார்கள். ஆகவே வார்டை விட்டுக் கிளம்பும் முன் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்க வேண்டியவை: எந்த வேலைக்குக் கட்டாயம் இங்கே வர வேண்டும், எதை எங்கள் ஊர்ப்பக்கமே பார்த்துக்கொள்ளலாம், அங்கே காட்டுவதற்கு இங்கிலீஷில் இருக்கிற இந்தச் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறது, ராத்திரியில் காய்ச்சலோ ரத்தமோ வந்தால் எந்த நம்பருக்குப் போன் பண்ணுவது. கூட வந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து இதைச் சொல்லப் பத்து நிமிஷம் ஆகும். ரவுண்ட்ஸ் நேரத்தில் வெளியே நிறுத்தியதை அப்போதாவது ஈடுகட்டலாம்.